காந்தம் ஒட்டாத இடங்கள்

பிரிட்ஜ் கதவில்
கரண்ட் பில்லைப் பிடித்துக்கொண்டிருந்த காந்தத்தைப் பிடுங்கினேன்.
பில் விழுந்தது. கிடக்கட்டும்.
வெளியே
முன்பாதி கூரைக்குள்ளும் பின்பாதி மழைக்குள்ளுமாய்
ஐம்பத்தேழாம் ஆண்டுப் பிளிமத்.

பொனட்டில் ஒட்டியது காந்தம். கூரையிலும்.
கதவடியில் வழுக்கி
என் பாதத்தில் விழுந்தது.
அங்கே இரும்பு இல்லை, பட்டி.
யாரோ மாவாய்க் குழைத்து அப்பி, தேய்த்து,
மேலே வெள்ளை பூசி
என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

பகலில் நான் எக்ஸ்ரே எடுக்கிறவள்.
மூச்சை இழுங்கோ, அப்பிடியே நில்லுங்கோ,
இப்ப விடுங்கோ.
இதற்கு அப்படி ஒரு படம் எடுக்க வழியில்லை,
விரல்முட்டியால் தட்டித்தான் கேட்க வேண்டும்:
டங் என்றால் தகரம்.
டொக் என்றால் பொய்.

கடல் இரண்டு ஒழுங்கை தள்ளி.
ரயில் போனால் ஸ்பானர்கள் தாமே நடுங்கும்.
வெள்ளவத்தை உப்புக்கு லீவு கிடையாது;
வெள்ளி இரவு மினுக்கிய பம்பரில்
திங்கள் காலை மச்சம்.

"வெட்டத் தொடங்கினா நிப்பாட்ட ஏலா மிஸ்"
என்றார் டிங்கர் நளீம்.
வெட்டினோம்.
வெள்ளைக்குக் கீழே கறுப்பு,
கறுப்புக்குக் கீழே ஏதோ அரசாங்கப் பச்சை,
வைப்பர் மோட்டருக்குப் பின்னால் மட்டும்
உள்ளங்கையளவு
எவருடைய தூரிகையும் எட்டாத
அவித்த இறாலின் நிறம்.

இதுதான் வேணும் என்றேன்.
"கலியாண கேக் மாதிரி இரிக்கும்."
இருக்கட்டும் நளீம்.

பஞ்சிகாவத்தையில் ரிஸ்மி சிரித்தான்:
"அமெரிக்காவா? இங்க ஜப்பானே வருதில்ல!"
சிரித்துக்கொண்டே உள்ளே போனவன்
அரைமணி கழித்து, தலைமுடியில் ஒட்டடையோடு,
பஸ்ஸின் பின்விளக்கு இரண்டோடு வந்தான்.
சிறகின் நுனியில் வைத்துப் பார்த்தேன்.
பொருந்தவில்லை.
அறுத்தேன், பொருந்தியது.

பிறகு எஞ்சின்.
எட்டு சிலிண்டர். கிழமைக் கோட்டாவை
தெஹிவளைப் பாலத்துக்குள் குடித்துவிட்டு
இன்னும் இருக்கா என்று கேட்கும் சாதி.
மூன்று இரவு பெற்றோல் வரிசையில்
செருப்பைத் தலைக்கு வைத்துப் படுத்தவளுக்கு
அந்த உறுமலில் ஆசை விட்டுப்போயிற்று.
ரொயோட்டா வானின் டீசல் எஞ்சினை இறக்கினோம்.

ரொறன்ரோவிலிருந்து மச்சான் எழுதினான்:
ஒரிஜினலைக் கழட்டினா அது கார் இல்லை.
படம் அனுப்பினேன்.
மாடிப்படியின் கீழ், பழைய ரயரின் மேல்,
போர்வை போர்த்தி உட்கார்ந்திருக்கிறது ஒரிஜினல்.
வருகிறவர்கள் அதன்மேல் கைப்பையை வைக்கிறார்கள்.
ஒரு பெரியம்மா உட்கார்ந்தே பார்த்துவிட்டா.

எந்தக் காலத்திலோ யாரோ
ஸ்டியரிங்கைக் கழற்றி வலப்பக்கம் மாற்றியிருக்கிறார்கள்.
கியர் பொத்தான்கள் மட்டும்
இடப்பக்கத்திலேயே நின்றுவிட்டன,
வீடு மாறியது தெரியாத தபால்காரன்போல.
செத்த பொத்தான்கள். அழுத்தினால் டக் என்ற சத்தம்,
அவ்வளவுதான்.
ஒரு போயா விடுமுறை முழுக்க
டாஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து கிடந்து
டி-க்கு விசிறி கொடுத்தேன், எல்-க்கு உள்விளக்கு,
என்-க்கு வானொலி.
ஆருக்கு வயர் மிச்சமில்லை.
மிச்சம் இருந்தாலும் என்ன கொடுப்பது என்று
தெரிந்திருக்காது.

நேற்றுப் பின்னேரம் மரைன் டிரைவில் எடுத்தேன்.
இடப்பக்கம் நளீம், மடியில் ஸ்பானர் பை,
வாழ்க்கையில் முதல்முறை ஒரு வேலையும் இல்லாமல்.
கடலை வண்டிக்காரர் எழுந்து நின்று பார்த்தார்.
இரண்டு பொடியள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து
பக்கத்தில் வந்ததும் முகம் சுளித்தார்கள்:
"அன்ரி, இது வான் சத்தமெல்லோ!"

ஓம் தம்பி. வான் சத்தம்தான்.

நளீம் வாயே திறக்கவில்லை.
பம்பலப்பிட்டி ஸ்டேஷன் தாண்டும்வரை
ஆர் பொத்தானை
அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருந்தார்.
டக்.
டக்.